ஏழாவது மாடிக்குப் பத்து தெத்ரி

அக்ரூட் இல்லாமல் ஒரு சாப்பாடு என்றால்
குத்தாய்சியில் சிரிப்பார்கள்.
கத்தரிக்காய்க்குள் அக்ரூட். கீரையில் அக்ரூட்.
கோழியை மூழ்கடிக்கும் குழம்பில் அரைத்த அக்ரூட்.
நூலில் கோத்து, திராட்சைச் சாற்றில் தோய்த்து,
கடைவாசலில் தோரணமாய்த் தொங்குவதும் அதுதான்.
மழை மட்டும்தான் இந்த ஊரில்
வெறும் மழையாகப் பெய்கிறது.

தேக்லாவுக்கு அப்போது ஒன்றரை வயது.
தம்பி கல்யாணத்தில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு
நள்ளிரவில் வந்த பாத்ரி
தூங்குகிறவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தான்.
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
மேலுதடு, கீழுதடு, இடப்பக்கத்துக் கோணல்,
அச்சு அசலாய் அவன் வாய்
அவள் கன்னத்தில் சிவந்து தடித்திருந்தது.
பிறகு இமைகள் வீங்கின.
பிறகு மூச்சு விசிலடித்தது.

எங்கள் கட்டடத்து லிப்ட் காசு தின்னும்.
ஆம்புலன்ஸில் வந்தவர் கீழே நின்று கத்தினார்,
சில்லறை இல்லையாம்.
ஏழாவது மாடி பால்கனியிலிருந்து
பர்ஸைத் தலைகீழாய்க் கவிழ்த்தேன்.
அந்நேரத்திலும் முற்றத்தில் டாமினோ ஆடியவர்கள்
ஆட்டத்தைப் போட்டது போட்டபடி
புல்லுக்குள் கைவிட்டுத் துழாவினார்கள்.
பத்து தெத்ரி ஒன்று கிடைத்தது.

இப்போது அவளுக்கு ஆறு.
பாத்ரி இன்றும் கன்னத்தில் முத்தமிடுவதில்லை.
பின்னால் வந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு,
தலைமுடியில் ஒரு தொடல். அவ்வளவுதான்.
ஊசிப் பேனாக்கள் உள்ள டப்பாவின் மூடியில்
ஒரு காசை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு" என்றாள்
நாத்தனார் இங்கா.
எட்டு மாதம் அவளோடு நான் பேசவில்லை.
அந்த ஒவ்வாமை தேக்லாவுடையது அல்ல,
என்னுடையது.

லாஷா தன் பதினோராவது பிறந்தநாளுக்குக் கேட்ட கேக்கை
நாங்கள் வாங்கவில்லை.
"இவ பிறக்கிறதுக்கு முன்னாடி
நாம எல்லாம் சாப்பிட்டோம்" என்றான்.
சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்,
ஜனவரிக் குளிரில், ஸ்வெட்டர் இல்லாமல்.
நான் போகவில்லை.
போயிருக்க வேண்டும்.

மாரியாமின் அம்மா ஒருநாள்
புது கேக் தட்டு வாங்கி, உறை பிரிக்காமல்
பள்ளி வாசலுக்கே எடுத்துவந்து காட்டினாள்.
இதில்தான் செய்யப்போகிறேன், மாவுப் பாக்கெட் இது,
படித்துக்கொள் என்றாள்.
திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.
"உனக்குக் கண்ணுல அலர்ஜியா?" என்று கேட்டாள் தேக்லா.
ஆமாம் என்றேன்.

நவம்பரில் பேனாக்கள் காலாவதியாயின.
டிராப்சோனிலிருந்து டிரக் ஓட்டும் ஒருவர்
புதியவற்றைக் கொண்டுவந்து தந்தார்.
பழைய இரண்டையும் எறியாமல்
மேசைமேல் ஒரு பெர்சிமன் பழத்தை உட்காரவைத்துக்
குத்திப் பழகினோம்.
பாத்ரிக்குக் கை நடுங்கியது.
மூடியைக் கழற்றாமலேயே குத்தினான்.
பழம் உருண்டு தரையில் விழுந்தது.
சிரித்தோம், அவனும் சிரித்தான்,
ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.
லாஷாதான் எடுத்தான்.
மூடி. முனை. ஒரே அழுத்து. கிளிக்.
"எண்ணு" என்றான் தங்கையிடம்.
அவள் பத்து வரை எண்ணினாள், ஆறை விட்டுவிட்டு.
"ஆறு எங்கே?"
"அவசரத்துல போயிடுச்சு."
மறுபடி ஒன்றிலிருந்து.

ஆரஞ்சுத் தோலில் ஒரு துளி நின்றது.
தேக்லா பழத்தின்மேல் காதை வைத்துக்
கண்களை மூடிக்கொண்டாள்.
"நெஞ்சு வேகமா அடிக்குது" என்றாள்.
"பயப்படாதே, அது மருந்து. நல்லாயிடும்."

அதை யார் குப்பையில் போடுவது என்று
எங்களுக்குள் ஒரே இழுபறி.
வெள்ளிக்கிழமை வரை மேசையிலேயே இருந்தது,
லாஷா ஒட்டிவிட்ட பிளாஸ்டருடன்,
நாளுக்கு நாள் கனிந்துகொண்டு.