தலைவர் (பொ)

எழும்பூரில், மூன்றாம் தளத்தில்,
வரிக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு.
போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில்
மாகாண சபைக்குத் தலைமை வகித்த பதினோரு பேரைக்
கட்டம் கட்டமாக அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறப்பு: ஏதோ ஒரு குளிர்ந்த ஊர்.
வந்து இறங்கியது: மசூலா படகில், தொப்பலாக.
பிறகு சப் கலெக்டர், கலெக்டர்,
உப்பு இலாகா, ரெவின்யூ போர்டு,
ஒரு கல்யாணம், இரண்டு வழக்கு,
கடைசியில் அந்த நாற்காலி.

ட்ரெஸ்காட் துரை நாலு மாதம்.
பென்லோ துரை ஒன்றரை வருஷம், நடுவில் பித்தக் காய்ச்சல்.
கார்ஸ்டின் உட்கார்ந்தது பதினேழே நாள்;
அதற்கும் ஆளுயரத்தில் ஓர் எண்ணெய்ச் சித்திரம்.
முக்கால்வாசிப் பேருக்கு மூலத்தில்
ஆபிஷியேட்டிங் என்று நீட்டி முழக்கியிருக்கும்.
நமக்கு ஒற்றை எழுத்து போதும்: (பொ).
எங்கள் தில்லைநாயகி மேடமும்
கண்காணிப்பாளர் (பொ)தான், ஆறு வருஷமாக.

தாது வருஷத்தைத் தேடினேன்.
செங்கல்பட்டுப் பக்கமிருந்து நடந்தே வந்தவர்கள்
கூவத்தின் கரையில் விழுந்த வருஷம்.
அந்தக் கட்டத்தில், தலைவர்:
விடுப்பு, உதகை, உடல்நலம்.
அவர் இடத்துக்கு வந்தவர் (பொ).
அவரும் மலையேற, இன்னொரு (பொ).
பொறுப்பில் மூன்று பேர் இருந்ததற்குத் தாள் இருக்கிறது.
பொறுப்பேற்றதற்கு
இதுவரை கிடைக்கவில்லை.

கட்டு அவிழ்க்கையில் நடுவிலிருந்து நழுவியது
ஒரு மனு. யாரோ கூலிக்கு எழுதித் தந்தது.
"பெரியமேட்டிலிருக்கும் பங்கா இழுக்கிற கன்னியப்பன்
தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்ட விண்ணப்பம்.
ஒன்பது துரைமார் சபைக்கு
முப்பத்தோரு வருஷம் கயிறு பிடித்தேன்.
இப்போது வலது தோள் தூக்க வரவில்லை.
பஞ்ச காலத்துச் சம்பளப் பாக்கி
ஏழு ரூபாய் இரண்டணா
இன்னும் கைக்கு வரவில்லை."

கீழே வேறு மையில்:
பார்க்கப்பட்டது. கோப்பில் வைக்கவும்.
ஒரு கிறுக்கல் கையெழுத்து.
அதன் வாலில், (பொ).

முப்பத்தோரு வருஷம்.
துரைமாரில் எவரும் ஆறைத் தாண்டவில்லை.
இந்த ஆளுக்குப் பிறப்பு தெரியாது, கப்பல் இல்லை.
பதவிப் பட்டியலைக் கடைசிவரை உருட்டினேன்;
பங்கா என்று எதுவும் இல்லை.
மற்றவை என்றால் திரை சிவக்கிறது.

மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு.
கழுத்தில் வியர்வை இறங்க
கார்ஸ்டின் துரையின் கோப்பு அட்டையை எடுத்தேன்.
கெட்டி அட்டை, நல்ல காற்று.
விசிறிக்கொண்டே, இடது கையால்,
ஒற்றை விரலில் அடித்தேன்.
தலைவர் பெயர்: கன்னியப்பன், பெரியமேடு.
பதவிக் காலம்: முப்பத்தோரு வருஷம்.
நிலை

படியில் மேடத்தின் செருப்புச் சத்தம்.

(பொ) போடவில்லை.
அட்டையைக் கை மாற்றிக்கொண்டேன்.