பதினான்காவது வளைவு

கட்-ஆஃப் நூற்று எழுபத்தொன்றரை.
ஐந்து மணிக்குள் பட்டியலைப் பூட்ட வேண்டும்.
அஸ்தம்பட்டி பிரவுசிங் சென்டர்காரர்
கேட்காமலேயே சொல்கிறார், கம்ப்யூட்டர் சயின்ஸ்.
ஓசூர்ச் சித்தப்பா போனில், இல்லையென்றால் இ.சி.ஈ.
பக்கத்து நாற்காலி ஷர்மிளா பானு
ஏஐ என்று முடிகிற எல்லாவற்றையும்
ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கோ ஏற்காட்டுப் பாதை,
பதினான்காவது கொண்டை ஊசி வளைவு.
மிளகு மூட்டைகளோடு அப்பாவின் வண்டி
ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றது.
பின்பட்டை முறிந்திருந்தது.
"ஓவர்லோடு இல்லீங்க, சத்தியமா இல்லீங்க"
ஓனரிடம் போனில் அவர்.
முறிந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்:
பாதி பழைய துரு,
மீதி, உடைத்த கற்கண்டுபோல் புது மினுமினுப்பு.
அப்படியென்றால் அது
என்றைக்கோ முறியத் தொடங்கியிருக்கிறது.
அன்று அதைச் சொல்ல
எனக்கு வார்த்தை இல்லை.
அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

நாற்பத்தேழாம் இடத்திலிருந்த மெட்டலர்ஜியை
ஒவ்வொரு அம்புக்குறியாக
மேலே ஏற்றினேன்.
"அது இரும்புக்கடைப் படிப்பும்மா."
ஆமாண்ணா, அதேதான்.

பூட்டு என்பதை அழுத்தினால்
ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகிறது.
மணி நாலு நாற்பத்தொன்று.
இன்று காபித் தோட்டத்து லோடு.
எந்த வளைவில் இருக்கிறாரோ,
டவர் இல்லை.
மறுபடி அழுத்துகிறேன்.