கடைசிப் பாகம் ஓடவில்லை

பென்டிரைவைக் கொண்டுவந்தது
வெள்ளவத்தையில் புடவைக்கடையில் நிற்கும் நிரோஷன்.
பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் பிரிவில்
டீவிக்குக் கட்டுக்காசு கட்டி முடித்தது நாங்கள் மட்டும்தான்.
அதனால் ஆறு காம்பராச் சனமும்
எங்கள் காம்பராவில்.

எங்கேயோ பனி கொட்டுகிற தேசம்.
கரண்ட் செய்கிற ஃபெக்டரி ஒன்று
ராத்திரியில் வெடித்துவிட்டது.
அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் எல்லோரும்
சென்னைத் தமிழ் பேசினார்கள்.
நெருப்பணைக்கப் போனவன்
"இன்னா சார் இது" என்றதும்
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
சிரிப்பு அரை மணித்தியாலம் நின்றது.

பிறகு மேனேஜர் வந்தார்.
ஒன்றும் ஆகவில்லை,
அவரவர் வேலையைப் பாருங்கள் என்றார்.
வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
தனபாக்கியம் சொன்னாள்:
"இந்தாளு நம்ம தோட்டத்துல இருந்திருக்கான்."

ஆட்களைச் சவளோடு கூரைக்கு ஏற்றினார்கள்.
இரண்டு நிமிஷம்தான் வேலை,
அதற்குமேல் நின்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை.
"அதுக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"
விஸ்வலிங்கம் உண்மையாகவே கேட்டார்.
யூனியன்காரர் இருந்தால் தெரியும் என்றார்கள்.
அதிலேயே கொஞ்சப் படம் போய்விட்டது,
நிரோஷன் பின்னுக்கு இழுத்துப் போட்டான்.

ஊரைக் காலி பண்ணும் கட்டம்.
மூன்றே நாள், திரும்பி வந்துவிடலாம்,
சாமான் ஒன்றும் வேண்டாம்
என்று ஒலிபெருக்கி சொன்னது.
அதுவரை வாயே திறக்காத சந்தனமேரி
எழுந்து வாசலுக்குப் போனாள்.
மண்சரிவு வந்த வருஷம்
அவளுக்கும் மூன்று நாள்தான் சொன்னார்கள்.
பள்ளிக்கூட ஹோலில்
ஒரு சேலைத் தடுப்புக்குப் பின்னால்
அவள் மகள் பெரிய மனுஷியானாள்.

என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிற ஆள்.
முதுகில் டாங்கி சுமந்து பதினெட்டு வருஷம்.
படம் முழுக்கக் கேட்டது ஒரே ஒரு கேள்வி,
"அது மணக்கவே மணக்காதா?"
மணக்காது, கண்ணுக்கும் தெரியாது என்றான் நிரோஷன்.
"நம்மளோடது மணக்குமே" என்றார்
நிம்மதியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.
நான் பார்த்தேன்,
இரண்டு உள்ளங்கையையும்
தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பாகம்.
ஒருத்தி கதவைத் தட்டுகிறாள்.
உள்ளே யாரோ சப்பாத்து மாட்டுகிற சத்தம்.

கரண்ட் போய்விட்டது.

டீசல் இல்லாத மாதம் அது,
காசல்ரீயிலும் தண்ணீர் வற்றி
பழைய கோயிலின் சுவர் தெரிந்ததாம்.
எங்கள் மழையில் ஓடுகிற மெஷின்
எங்களுக்கே வெளிச்சம் தராத ராத்திரி.

யாரும் எழும்பவில்லை.
குப்பி லாம்பைச் சுற்றி
ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள்.
கதவுக்குப் பின்னால் அவள் புருஷன்தான்,
பிழைத்துவிட்டான் என்றாள் யோகராணி.
புருஷன் எப்பவோ செத்தாச்சு, அது பொலிஸ் என்றார் விஸ்வலிங்கம்.
மேனேஜர் ஓடப் பார்க்கிறான் என்றது ஒரு சின்னது.
"கதவத் தொறக்காம இருந்தாச் சரி"
தனபாக்கியம் கொட்டாவி விட்டாள்.
இவர் மட்டும்
லாம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

விடிய முதல் பஸ்ஸில்
நிரோஷனும் பென்டிரைவும் போய்விட்டார்கள்.
பெரட்டுக்களத்தில் இன்னும் இரண்டு முடிவு வந்தது.

அன்றைக்கு மத்தியானம் அரைப்பேரோடு திரும்பி
இவருடைய மருந்துச் சட்டையை எடுத்தேன்.
எப்போதும் பீலியடியில்
பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளையோடு போட்டு அடிப்பேன்.
அன்றைக்குத் தனியாக எடுத்துக்கொண்டு
கானோரமாகக் கீழே இறங்கினேன்.
கீழ் லயத்துக்காரர்கள் அங்கேதான்
தேத்தண்ணிக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.
இன்னும் கீழே போனால் ஆறு.
ஆறு போய்ச் சேர்வது காசல்ரீக்கு.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
எங்கே துவைப்பது என்று தெரியாமல்
நின்றேன்.
நன்றாக மணத்தது.