கல்லூரி பார்த்தல்

மார்ச் மாதம். வடக்கு டகோட்டாவின் பீட்ரூட் வயல்களில்
பனி இன்னும் ஓரம் ஓரமாய்க் கிடக்கிறது,
பிழிய மறந்த துணிபோல.
பிக்கப்பை நான் ஓட்டுகிறேன்.
லினெயாவின் மடியில் கோப்பு:
கட்டணம், உதவித்தொகை,
மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள்,
மூன்றாம் ஆண்டிலேயே நோயாளி அருகில் விடுவார்களா.
பேச்சும் கேட்பும் பழுதானால் சரிபார்க்கும் படிப்பு.
கேள்விகள் பச்சை மையில்.
என் சம்பளம் சிவப்பில்.

எனக்கும் கேள்விகள் உண்டு,
கேட்பதற்கு ஒரு கை வேண்டும்.
தொண்டையில் அழுத்திப் பிடிக்கும் கருவி
சவர இயந்திரம்போல் ரீங்கரிக்கும்.
நாலு வருடம் முன்பு, அறுவை மேசையில்
குரல் கொடுத்தேன்.
கொடுத்தது கொடுத்ததுதான்.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்வரை
என்னைப்போல் பேச்சுத் துணை கிடையாது என்பாள்.

முதல் கல்லூரியில்
பின்பக்கமாகவே நடந்தபடி சுற்றிக் காட்டினான் ஒரு பையன்.
கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.
அவன் லினெயாவைப் பார்த்து
வேலைவாய்ப்பு பற்றிச் சொன்னான்.
கோப்பில் அவள் ஒரு கோடு இழுத்தாள்.
கட்டணம் அதிகம்போல, நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, வீட்டிலிருந்து நாற்பது நிமிடம்.
கதவைச் சாத்தினால் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும்
ஓசையடைத்த அறை.
பேராசிரியர் வோய்டெக் என் ரீங்காரத்துக்குத் திடுக்கிடவில்லை.
எந்த மாடல், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்றார்.
வாங்கித் திருப்பிப் பார்த்தார், மெக்கானிக் ஸ்பேனரைப் பார்ப்பதுபோல்.
பிறகு என் கழுத்தில்
ஒரு விரற்கடை கீழே வைத்தார்.
சொற்கள் தெளிந்து வந்தன.
நாலு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை எனக்கு.
"செப்டம்பரில் வகுப்புக்கு வாருங்கள்,
மாணவர்கள் உங்களிடம் கற்றுக்கொள்ளட்டும்."
சரி என்றேன், உடனே.
உதவித்தொகையும் தருவார்களாம்.
லினெயா உதட்டளவில் சிரித்தாள்.

மூன்றாவதை விட்டிருக்கலாம். மேற்கே எட்டு மணி நேரம்,
நடுவில் ஒரு மோட்டல், அதில் ஹீட்டர் இல்லை.
சிகிச்சைக்கூடம் கட்டடத்தின் அடியில், கொதிகலனுக்கு எதிரே.
நாற்காலிகள் என் முழங்கால் உயரம்.
ரகரம் தடுக்கும் வாய்களுக்கென்று
சுவரில் காகிதக் கரடி, குதிரை, நரி.
ஆறு வயதுப் பையன் ஒருவன் கண்ணாடியைப் பார்த்து
"நயி" என்றான். "நயி."
யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாள் லினெயா.
அவனைத் திருத்தவில்லை.
காத்திருந்தாள்.
அந்தக் காத்திருப்பை நான் அறிவேன்,
இரவுச் சாப்பாட்டில், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
என் கை தொண்டைக்குப் போகும்வரை.

திரும்பும் வழியில்
"இங்கேதான்" என்றாள்.
ஒரு கையை விடுவிக்க வண்டியை ஓரம் கட்டினேன்.
"ஏன்? அது கிட்டே. பணமும் மிச்சம்.
அந்தம்மா கெட்டிக்காரி."
"அங்கே நீங்க பாடம் ஆயிடுவீங்க, அப்பா.
கடையில, பேங்க்ல, போன்ல
நாலு வருஷமா உங்களுக்கு நான்தான் வாய்.
எனக்குன்னு ஒரு வேலை வேணும்.
நீங்க இல்லாத வேலை."

பொத்தான்மேல் கட்டைவிரல் இருந்தது.
அழுத்தவில்லை.
காற்றாலைகள் மூன்றோ நாலோ சுற்றின,
ஒன்று சும்மா நின்றது.
அவள் கோப்பை மூடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.
கடைசியில் அழுத்தினேன்:
"செப்டம்பரில் நான் போவேன், அங்கே.
நீ இல்லாமல்."
சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா,
ஹீட்டர் சத்தத்தில் பிடிபடவில்லை.

பெட்ரோல் பங்கில் பழக்கதோஷம்,
எனக்கு முன்பே பெல்ட்டைக் கழற்றினாள்.
ஒரு நொடி.
திரும்ப மாட்டிக்கொண்டாள்.

உள்ளே போனேன்.
கல்லாவில் பையன், காதில் தோடு.
ஒரு விரற்கடை கீழே வைத்து,
"நாலாம் பம்ப்" என்றேன்.
"என்ன?" என்றான்.
"நாலு" என்றேன்.