மாடு தூக்கிய கதை

பதக்கத்தைப் பற்றிக் கேட்டால்
துரி கஃப்ளிஷ் மாட்டைப் பற்றித்தான் பேசுவார்.
பெர்னினாச் சரிவில் கால் முறிந்து கிடந்த
அறுநூறு கிலோ பழுப்பு மாடு.
வலையில் கட்டி, ஹெலிகாப்டருக்குக் கீழே தொங்கவிட்டு
பொன்ட்ரெசீனா தேவாலயத்தைக் கடந்தபோது
கீழே கல்யாணக் கூட்டம் அண்ணாந்து நின்றதாம்.
சாணி மாப்பிள்ளையின் கோட்டில் விழுந்தது என்பார் ஒருநாள்,
மாமனாரின் தொப்பியில் என்பார் இன்னொரு நாள்.
எனக்கு அன்று விடுப்பு. மறுக்க வழியில்லை.

மற்ற நாட்களில் எல்லாம் பின்னால் இருந்தேன்,
பதினெட்டு வருஷம், வின்ச் பொத்தானில் கட்டைவிரல்.
அவர் பிடரியைப் பார்த்தே காற்றின் வேகம் சொல்வேன்.
எல்லாப் பள்ளத்தாக்கிலும் பகலில் மேலேறும் காற்று
சமேடனில் மட்டும் கீழிறங்கும்.
அதனோடு அவர் சண்டை போட்டதில்லை,
தெருவில் எதிர்ப்படும் கடன்காரனுக்கு விடுவதுபோல்
கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்.

இந்த நாட்டில் அரசு பதக்கம் தருவதில்லை.
மீட்புச் சங்கம் தந்தது.
பத்திரத்தில் ஒரே ஒரு வாக்கியம்:
மூடுபனி இரவில், தன்னுயிர் பாராமல்,
பனியாற்றிலிருந்து ஒருவரை மீட்டமைக்காக.

ஒருவரை.

முதல் முறை வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.
இரண்டாம் முறை சுழலித் தகட்டில் பனிக்கட்டி.
மூன்றாம் முறை
ஒரு மூச்சு நேரம் பனி விலகியது.
கீழே இரண்டு நெற்றிவிளக்குகள்.
ஒன்று எங்களை நோக்கி ஆடியது.
எரிபொருள் முள்ளை விரலால் தட்டினார்,
ஒன்றும் சொல்லவில்லை.
'திரும்பலாம்' என்றது
என் குரல்.

நான்காம் முறை ஒரு விளக்கு.

அறிக்கையை அவர்தான் எழுதினார்,
பெரிய கைகள், பள்ளிக்கூடப் பையனின் கையெழுத்து.
மூன்று இடத்திலும் 'திரும்பினேன்'.
'திரும்பினோம்' இல்லை.
ஒரு விகுதிக்குள் என்னை ஒளித்துவிட்டு
காப்பி ஆறுகிறது என்றார்.

மே மாதம் அடக்கம் செய்தோம்.
மெங்கியா சமையலறை இழுப்பறையைத் திறந்து
தீர்ந்துபோன பேட்டரிகள், ஒயின் திறப்பான், நூல்கண்டுக்கு நடுவில்
பதக்கத்தைத் தேடி எடுத்தாள். உங்களிடம் இருக்கட்டும்.
சட்டைப்பையில் அது
ஒரு ஃபிராங்க் நாணயத்தைவிட அவ்வளவொன்றும் கனமில்லை.

சூப் பரிமாறும்போது ஓர் இளம் விமானி
பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான்,
அந்தப் பதக்கம் எதற்கு?

மணப்பெண்ணின் முக்காட்டில் விழுந்தது, என்றேன்.
நான் பார்த்தேன்.