நான்காம் மேசை

நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.

கோரிபாளையாவிலிருந்து ஆட்டோவில் வந்தது மூட்டை.
கிலோ கணக்கில் வாங்கியது.
மேசைமேல் கவிழ்த்தோம்:
வாலறுந்த மவுஸ், பிரிண்டரின் விலா எலும்பு,
யாரோ கோபத்தில் எறிந்தது மாதிரி
நெற்றி பிளந்த செட்டாப் பாக்ஸ்,
யுபிஎஸ்ஸுக்குள் பல்லி முட்டை இரண்டு.
முட்டைகளை நஞ்சுண்டி ஜன்னலோரம் வைத்தான்.

புதுக் கருவிகள் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன.
பூட்டு. சாவி எச்.ஓ.டி.யிடம்.
உடைத்தால் அபராதம் என்று மூன்று மொழியில் சீட்டு.
முதல் வருஷம் முழுக்க
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
மின்சாரம் படித்தோம்.

இப்போது திருப்புளி என் கையில்.
கெடுத்துவிடுவேனோ என்ற பயம் போக
ஏற்கெனவே கெட்டுப்போனது ஒன்று வேண்டியிருந்தது.
முதல் நாளே மூன்று கபாசிட்டர் வெடித்தது,
இம்தியாஸின் இடது புருவம் பாதி கருகியது.
ஈயம் உருகும் வாசனை என் துப்பட்டாவில் ஏறி
ஸ்ரீராம்புரம் வரை பஸ்ஸில் வந்தது.
"இன்னிக்கு எதைக் கொளுத்தினே?" என்றாள் அம்மா.

நாலாம் நாள் மூட்டையின் அடியில்
கண்டக்டர் கழுத்தில் தொங்கும் டிக்கெட் மிஷின்.
வார் வேர்வை உப்பில் விறைத்திருந்தது.
பேட்டரி ஊதிக் கிடந்தது, கழற்றித் தள்ளி வைத்தோம்.
"ஏழரை வோல்ட் கொடு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.
ஏன் சிரித்தேனென்று மற்ற இருவருக்கும் புரியவில்லை.

உயிர் இல்லை.
மல்டிமீட்டர் முனையோடு தடம் தடமாக நடந்தேன்,
எங்கே பீப் சத்தம் நிற்கிறதென்று கேட்டபடி.
மயிரிழை அகலத்தில் ஒரு விரிசல்.
செத்த சார்ஜர் வயரிலிருந்து ஓர் இழை உருவிப்
பாலம் போட்டேன். விரல் நுனி வெந்தது.

விளக்கு எரிந்தது. உருளை இருமியது.
காகிதம்?
இம்தியாஸ் பேக்கரிக்கு ஓடி
பில் ரோலில் ஒரு முழம் கிழித்து வந்தான்,
கூடவே மூன்று காரா பன்.

கடைசி டிக்கெட்டை மறுபடி அச்சடிக்கவா
என்றது திரை.
அழுத்தினேன்.

மெஜஸ்டிக் – யஷ்வந்த்பூர்.
பெரியவர் இரண்டு. சிறுவர் ஒன்று.
தேதி பொய், உள்ளே கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது.
கட்டணத்தின் கடைசி எண்
தலை மட்டும் வந்து நின்றது.

"அச்சாகும்போதே மிஷின் செத்திருக்கும்,
ஓசியில போயிருப்பாங்க" என்றான் நஞ்சுண்டி கன்னடத்தில்.
"வழியில செக்கிங் ஏறியிருந்தா?" என்றேன்.
கொஞ்ச நேரம் யாரும் பன்னைக் கடிக்கவில்லை.

பதிவேட்டில் முடிவு என்ற இடத்தில்
அந்தச் சீட்டை ஒட்டிக் கொடுத்தேன்.
சிவப்பு மையோடு திரும்பி வந்தது:
அலகு எங்கே?

வோல்ட் இல்லை, ஓம் இல்லை.
ரூபாய் என்று எழுதலாம், எண் முழுசாக இல்லை.
யோசித்து
ஆட்கள் என்று எழுதினேன்.

கையெழுத்து இன்னும் விழவில்லை.
ஜன்னலோரத்து முட்டைகளில் ஒன்று
இன்று காலை வெறும் ஓடு.