பீஸ் கட்டை

மூட்டு டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை: நீந்துங்க.
காரைக்குடியில் எங்கே என்று கேட்டதற்குச்
சீட்டைத் திருப்பி மாத்திரை எழுதினார்.

கண்டனூரில் எங்கள் பின்கட்டைத் தாண்டி
செம்மண்ணை ஒன்பதடி தோண்டிக்
கறுப்பு ஷீட் விரித்த குட்டை ஒன்று.
குழி வெட்டிய கூலி என்னுடையது.
குஞ்சு விட்ட காசு சிகப்பியுடையது.
கட்லா, ரோகு, கொஞ்சம் புல்கெண்டை,
யாரும் விடாமலே வந்துவிட்ட கெளுத்தி.
தண்ணீர் ஓட்டிலிருந்து இறங்கியது.
ஓடு யாருடையது என்பதுதான்
ஏழு வருஷமாகத் தேவகோட்டையில் நடக்கிறது.

சிகப்பி என் ஓரகத்தி.
நாங்கள் பேசுவதில்லை.
வக்கீல்கள் பேசுகிறார்கள்,
மாதம் ஒரு வாய்தா.

முதல் நாள்
நீச்சல் மறந்திருக்கவில்லை.
ஏறத்தான் தெரியவில்லை.
ஷீட்டில் பாசி. வைத்த காலெல்லாம் வழுக்கி
ஒரு முழத்தில் கரை நிற்க
உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.
கத்தவில்லை.
கத்தினால் அவள் பெயரைத்தான் கத்த வேண்டும்.

தலைக்கு மேல் வந்து விழுந்தது
கிணற்றுக் கயிறு.
முழத்துக்கொரு முடிச்சு, மறுமுனை தென்னையில்.
அத்தனை முடிச்சையும் அந்த நிமிஷத்தில் போட்டிருக்க முடியாது.
மூச்சு வாங்கி நான் நிமிர்ந்தபோது
அவள் பங்குக் கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் கொல்லைத் தூணில் சாக்கட்டி எழுத்து:
ஏரேட்டர் ஒயர் பிஞ்சிருக்கு.
நான் பீஸ் பிடுங்காம எறங்கக் கூடாது.

ஸ்விட்ச் போர்டு அவள் பங்கில்.
ஈரக்கையால் அழித்தேன். அதுதான் பதில்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.
அடியில் கால் ஊனாதே, கெளுத்தி முள் கடுக்கும்.
புண்ணாக்கு போட்ட வேளை வேண்டாம்.
ஒரு நாள் என் கைக்கட்டைப் பார்த்திருப்பாள் போல:
புண்ணோட எறங்காதே, தண்ணியும் கெடும்.
விடிகாலை வேண்டவே வேண்டாம்,
அப்போது மீன்களே மேலே வந்து
வாய் பிளந்து நிற்கின்றன.

சாயங்காலம் ஐந்து மணி.
ஏரேட்டர் சத்தம் சட்டென்று நிற்கும்.
துவைகல்லில் வந்து உட்காருவாள்,
மடியில் பீங்கான் கட்டை,
பிடுங்கிய கடைவாய்ப் பல் மாதிரி.
பார்வை என்மேலா மீன்மேலா, சொல்ல முடியாது.
நைட்டி பலூனாக உப்ப
மல்லாந்து கிடப்பேன்.
ஒரு ரோகு வந்து வலது மூட்டை முட்டிப் பார்க்கும்,
எக்ஸ்ரே வாங்கிப் பார்த்ததுபோல்
சரியாக வலிக்கிற இடத்தில்.

நேற்று வாய்தா.
போகும்போது வேறு வேறு பஸ்.
அவள் வக்கீல் எழுந்து கேட்டார்:
மேற்படி குட்டைக்குள் பிரதிவாதி இறங்காதிருக்க
நிரந்தர உறுத்துக்கட்டளை.
ஜட்ஜ் எதையோ குறித்துக்கொண்டார்.
அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து
சும்மாதான் கொல்லைப்பக்கம் போனேன்.
இறங்கும் எண்ணம் இல்லை.
ஐந்து அடித்தது.
ஏரேட்டர் நின்றது.
கோர்ட்டுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல்
வாதி
துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள்.

என்ன செய்ய?
இறங்கினேன்.

இருபது நிமிஷம்தான் கணக்கு.
அதற்கு மேல் மீனுக்கு மூச்சு முட்டும்.
பீங்கானைக் கல்லில் இரண்டு தட்டு தட்டினாள்.
கயிறு பிடித்து, முடிச்சு முடிச்சாக ஏறினேன்.
இரண்டு காலும் மண்ணில் ஊன்றும்வரை
அவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு கதவு.
பிறகு மோட்டார்.
குட்டை நடுவில் நுரை கிளம்ப
எல்லா மீனும் அந்தப் பக்கம் போயின.